அண்ணனுக்கு எதிரா இருக்கறது நானாகுமா?

தம்பி, நீங்க எழுதினத ரெண்டு மூணு தடவ படிச்சேன். புக்கிட் மெர்தாஜாம்ல வளந்தவரு, வயசு 20, உங்களுக்கு ரெண்டு வயசு மூத்த அண்ணன் ஒருத்தர், ரெண்டு பேரும் ஒரே தமிழ் ஸ்கூல், அப்புறம் ஒரே செகண்டரி ஸ்கூல். அண்ணன் ஸ்கூல் கடைசி பரீட்சை எஸ்பிஎம்ல நல்லா எடுத்து, யூனிவர்சிட்டிக்கு முந்தின மெட்ரிகுலேஷன் போயி இப்ப ஜொகூர்ல இன்ஜினியரிங், நீங்க பிறைல ஃபேக்டரில ஷிஃப்ட் வேல. அண்ணன் லீவுக்கு வந்திருந்தப்ப ராத்திரி சாப்பாட்டுல அம்மா "அண்ணன பாத்தாவது கத்துக்கடா"ன்னு சொன்ன ஒரு வார்த்தைக்கு தட்ட தள்ளிட்டு எழுந்து போயிட்டீங்க, ரெண்டு வாரமா வீட்ல யாருகிட்டயும் சரியா பேச்சு இல்ல. இப்ப கேக்கறீங்க, எனக்கு இருக்கறது பொறாமையா, நான் கெட்டவனா, நான் யாருன்னு தெரிஞ்சுக்க கோலாலம்பூருக்கு, அதான் கேஎல்லுக்கு போயிடட்டுமான்னு. பாக்க மூணு கேள்வி மாதிரி இருக்கு, ஆனா எனக்கு ஒரே கேள்வியாத்தான் கேக்குது: அண்ணன பக்கத்துல வச்சு பாக்காம என்ன மட்டும் பாத்தா அங்க யாராச்சும் இருக்காங்களா?

நான் பினாங்குல 12 வருஷம் ஸ்கூல் கவுன்சலிங் டீச்சரா இருந்தேன், அதுக்கப்புறம் பத்து வருஷமா தனியா கவுன்சலரா இருக்கேன். இந்த கேள்விய வேற வேற வார்த்தைல எத்தனையோ பிள்ளைங்க எங்கிட்ட கேட்டிருக்காங்க, முக்கால்வாசி பேரு ரெண்டாவது மூணாவது பிள்ளைங்க, ஆனா எல்லாரும் இல்ல, அதுக்கு பின்னால வரேன். உங்கள நான் நேர்ல பாத்ததில்ல, அம்மா பக்கத்து கதை தெரியாது, அண்ணன் மனசுல என்ன இருக்குன்னு தெரியாது. அதனால "உங்களுக்கு இதுதான்"னு முடிவா சொல்ல மாட்டேன், எது உறுதி எது சந்தேகம்னு பிரிச்சு மட்டும் சொல்றேன், பொருந்தறத எடுத்துக்கோங்க.

மொதல்ல அந்த பொறாமை. நம்ம மொழில அந்த வார்த்தைய பிரிச்சு பாத்தாலே பொறுக்காம போறது, பொறுத்துக்க முடியாததுன்னுதான் வரும். அப்படின்னா கேக்க வேண்டியது, எத உங்களால பொறுக்க முடியல? அண்ணனுக்கு யூனிவர்சிட்டில இடம் கெடச்சதயா? நீங்க எழுதினதுல அப்படி ஒரு வரி கூட இல்ல. அண்ணன் நாசமா போகணும்னும் எங்கயும் இல்ல, பைக் விழுந்து அவருக்கு கை ஒடஞ்சப்ப நீங்கதான் ஆஸ்பத்திரில ராத்திரி பூரா உக்காந்திருந்ததா எழுதியிருக்கீங்க. நீங்க திரும்ப திரும்ப எழுதினது அம்மா மொகத்த பத்தி. "அண்ணன் ஃபோன் பண்ணா அம்மா மொகமே மாறிடும்", "எனக்கு மொத சம்பளம் வந்தப்ப அம்மா சரின்னு மட்டும் சொன்னாங்க". தம்பி, இத நான் ஏக்கம்னு சொல்லுவேன். பொறாமைல அவங்கிட்ட இருக்கறது போகணும்னு இருக்கும், ஏக்கத்துல எனக்கும் வேணும்னு இருக்கும். ரெண்டும் கலந்து வரலாம், மனுஷனுக்கு வரும், அதுல கெட்டவன் நல்லவன் பேச்சுக்கே எடமில்ல.

இதுல எனக்கு ரொம்ப உதவியா இருந்த ஒரு விஷயம், ஏப்ரஹாம் டெஸ்ஸர்னு ஒரு அமெரிக்க மனோதத்துவ ஆராய்ச்சியாளர் 1980கள்ல சொன்னது. நமக்கு ரொம்ப நெருங்கின ஒருத்தர் நம்மளவிட நல்லா செஞ்சா எல்லா நேரமும் வலிக்கறதில்ல. அவர் செய்யற விஷயம் நமக்கு முக்கியமா இல்லன்னா பெருமையாத்தான் இருக்கும், "எங்க அண்ணன்"னு சொல்லிக்குவோம். அதே விஷயம் நமக்கும் முக்கியம்னா அங்கதான் குத்தும். நீங்களே யோசிச்சு பாருங்க, அண்ணன் கணக்குல ஏ ப்ளஸ் எடுத்தது உங்களுக்கு வலிச்சுதா? "கணக்கு எனக்கு பிடிக்கவே பிடிக்காது, அது போகட்டும்"னு ஒரே வரில தாண்டி போயிட்டீங்க. ஆனா மிருதங்கத்த பத்தி எட்டு வரி எழுதியிருக்கீங்க. ரெண்டு பேரும் கோயில்ல ஒண்ணா கத்துகிட்டீங்க, உங்களுக்கு 13 வயசு இருக்கும்போது நவராத்திரில அண்ணன் வாசிச்சு எல்லாரும் கை தட்டினாங்க, வாத்தியார் உங்கள பாத்து "தம்பி கை இன்னும் வரல, அண்ணன் கை வேற"ன்னாரு, அன்னிக்கு விட்டீங்க, அதுக்கப்புறம் தொடவே இல்ல. எங்க குத்துதுன்னு அதுவே காட்டி கொடுக்குது. இத பிடிச்சு வச்சுக்கோங்க, கடைசில இதுக்குத்தான் திரும்ப வரணும்.

இப்ப, நெறைய பேரு உங்களுக்கு வேற ஒரு பதில் சொல்லுவாங்க. மூத்தவன் பொறுப்பானவன், ரெண்டாவது பிள்ள முரட்டு பிள்ள, கடைக்குட்டி செல்லம், பொறந்த வரிசைதான் குணம்னு. இது சும்மா திண்ணைப் பேச்சுன்னு ஒதுக்க முடியாது, இதுக்கு பின்னாடி பெரிய பேரு இருக்கு, ஆல்ஃப்ரெட் ஆட்லர்னு ஒரு மனோதத்துவ டாக்டர். 1870ல வியன்னா பக்கத்துல பொறந்தவர், அவரே ரெண்டாவது பிள்ள, மேல சிக்மண்ட்னு ஒரு அண்ணன். தம்பி பொறந்ததும் மூத்த பிள்ளைக்கு சிம்மாசனத்துலேருந்து எறக்கி விட்ட மாதிரி ஆகுது, ரெண்டாவது பிள்ள எப்பவும் முன்னால ஓடறவன தொரத்தறவனாவே வளருதுன்னு அவர் எழுதினது இன்னிக்கும் எல்லா எடத்துலயும் சுத்துது. படிக்கும்போது நம்ம வீட்ட பத்தியே எழுதின மாதிரி இருக்கும். ஆனா பெருசா அளந்து பாத்தப்ப அது நிக்கல. 2015ல ஜெர்மனி, பிரிட்டன், அமெரிக்கா மூணு நாட்டுலயும் சேத்து 20,000 பேருக்கு மேல வச்சு ஒரு ஆய்வு வந்துச்சு, பொறந்த வரிசைக்கும் கலகலப்பு, பொறுப்பு, அனுசரிச்சு போற குணம், மனசு நிலையா இருக்கறது இதுக்கெல்லாம் சொல்லிக்கற மாதிரி எந்த சம்பந்தமும் தெரியல. அதனால "நான் ரெண்டாவது, என் தலையெழுத்து இப்படித்தான்"னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க, நீங்களே உங்களுக்கு சொல்லிக்கவும் வேணாம்.

படிப்புல மட்டும் கொஞ்சூண்டு வித்தியாசம் தெரியுது, அதயும் மறைக்காம சொல்லிடறேன். நார்வேல ராணுவத்துக்கு எடுக்கும்போது பையன்களுக்கு ஒரு புத்தி பரீட்சை வைப்பாங்க, அதுல 2 லட்சத்து 40 ஆயிரம் பேருக்கு மேல கணக்கு எடுத்து 2007ல வெளியிட்டாங்க, மூத்தவங்களுக்கு சராசரியா ரெண்டு மூணு புள்ளி கூட. ஆனா அதே ஆய்வுல ஒண்ணு இருக்கு, அத படிச்ச அன்னிக்கு நான் ரொம்ப நேரம் அப்படியே உக்காந்திருந்தேன். மூத்த பிள்ள சின்ன வயசுலயே எறந்து போயி ரெண்டாவது பிள்ள மூத்தவனா வளந்த வீட்ல, அந்த ரெண்டாவது பிள்ளைக்கும் மூத்தவங்க மாதிரியே புள்ளி வந்திருக்கு. அப்படின்னா வயித்துல வர்ற வரிசைல ஒண்ணும் இல்ல, வீட்ல எந்த எடத்துல உக்கார வைக்கறாங்கங்கறதுதான். அதுவும் ரெண்டு மூணு புள்ளி ஒரு கூட்டத்தோட சராசரில தெரியற விஷயம், ஒரு தனி ஆள் மேல அத போட்டு பாக்கவே முடியாது.

இத விட கெட்டியான விஷயம், அப்பா அம்மா மனசுல "இவன்தான் கெட்டிக்காரன்"னு ஒரு முடிவு இருக்கு பாருங்க, அதோட வேல. அலெக்ஸ் ஜென்சன், சூசன் மக்ஹேல்னு ரெண்டு பேரு டீனேஜ் பிள்ளைங்க இருக்கற வீடுங்கள தொடர்ந்து பாத்து 2015ல எழுதினாங்க. பிள்ளைங்களோட பழைய மார்க்க கணக்குல எடுத்துகிட்ட பின்னாடியும், அப்பா அம்மா யார கெட்டிக்காரன்னு நெனச்சாங்களோ அந்த பக்கமாத்தான் பின்னால மார்க்கு நகந்திருக்கு, மார்க்கு மாறினதால அவங்க நெனப்பு மாறினதா பெருசா தெரியல. நம்பிக்க முன்னால, மார்க்கு பின்னால. அது அமெரிக்க வீடுங்கள வச்சு செஞ்சது, நம்ம வீட்டுக்கு அப்படியே அச்சா பொருந்தும்னு நான் சொல்ல மாட்டேன், ஆனா கவுன்சலிங் ரூம்ல உக்காந்து நான் பாத்தது இதுதான். "இவன் வெளையாட்டுப் பிள்ள டீச்சர், பெரியவன் மாதிரி வராது"ன்னு அம்மா சொல்லும்போது பக்கத்துல உக்காந்திருக்கற பையன் மொகத்த நான் பாத்துகிட்டே இருப்பேன். அவன் மறுக்க மாட்டான், கோவப்பட மாட்டான், தலைய ஆட்டுவான். அந்த தலையாட்டலுக்குத்தான் எனக்கு பயம்.

நம்ம ஊர்ல இது ஏன் இவ்வளவு கெட்டியா ஒட்டிக்குதுன்னும் சொல்லணும், இல்லன்னா உங்க அம்மாவ நான் குத்தவாளி ஆக்கின மாதிரி ஆயிடும். நம்ம தமிழ் ஸ்கூல்ல நெறைய ஸ்கூல்ல 150 பிள்ளைங்க கூட கெடையாது, வாத்தியார்ங்களுக்கு குடும்பம் பூரா தெரியும், மொத நாள் கிளாஸ்ல நொழஞ்சதுமே "ஓ, இன்னாரு தம்பியா"ன்னுதான் கேப்பாங்க, பாசத்துலதான் கேக்கறாங்க, ஆனா ஏழு வயசு பிள்ளைக்கு அன்னிக்கு அவன் பேரு ரெண்டாவதா போயிடுது. அடுத்து ஏ கணக்கு. ஆறாம் வகுப்பு பரீட்சை யூபிஎஸ்ஆர 2021ல எடுத்துட்டாங்க, ஃபார்ம் த்ரீ பரீட்சை பிடி3ய 2022ல எடுத்துட்டாங்க, ஆனா நீங்க ரெண்டு பேரும் அந்த காலத்துல படிச்சவங்க, ரிசல்ட் அன்னிக்கு எத்தன ஏன்னு சொந்தக்காரங்க ஃபோன் அடிச்சு கேப்பாங்க, பேப்பர்ல ஃபோட்டோ வரும். உங்க தாத்தா பாட்டி கூலிம் பக்கம் எஸ்டேட்ல பால் மரம் வெட்டினவங்கன்னு எழுதியிருக்கீங்க, அந்த வீட்டுலேருந்து வந்த அம்மாவுக்கு ஒரு ஏ-ங்கறது வெறும் மார்க்கு கெடையாது, பிள்ள இனிமே மழைலயும் இருட்டுலயும் வேலைக்கு போக வேணாங்கற சீட்டு. உங்கள பாத்து "அண்ணன பாரு"ன்னு சொல்லும்போது அவங்க மனசுல ஓடறது பெரும்பாலும் பயம்தான், இந்த பிள்ள என்னாகுமோங்கற பயம். அந்த வார்த்த உங்கள காயப்படுத்தினது நெஜம், அதுவும் நெஜம் இதுவும் நெஜம், ஒண்ணு இன்னொண்ண அழிக்காது.

சரி, இப்ப நான் உங்ககிட்ட சொல்ல வந்த முக்கியமான விஷயத்துக்கு வரேன். 1976ல ஃபிரான்சஸ் ஷாக்டர்னு ஒரு அம்மாவும் அவங்க கூட இருந்தவங்களும் ஒரு ஆய்வு செஞ்சாங்க. கூடப்பொறந்தவங்கள பத்தி, நீயும் அவங்களும் ஒரே மாதிரியா வேற மாதிரியான்னு கேட்டப்ப, மொத ரெண்டு பிள்ளைங்க, அதுவும் ரெண்டும் ஆண் இல்லன்னா ரெண்டும் பொண்ணுன்னா, "நாங்க நேர் எதிர்"னு சொன்னவங்க ரொம்ப அதிகம். ஏன்னா ரெண்டு பேரும் ஒரே எடத்துல நின்னா நாள் பூரா அளந்து பாத்துகிட்டே இருப்பாங்க, அந்த வலிய தாங்க முடியாம ஒருத்தர் எடத்த விட்டு நகந்து "அது அவனுது, இது என்னது"ன்னு கோடு போட்டுக்கறாங்க, சண்டையும் கொறயுது. எல்லா வீட்லயும் இப்படின்னு சொல்ல முடியாது, அண்ணன் போன வழிலயே சந்தோஷமா பின்னாடி போற தம்பிங்களும் நெறைய பேரு இருக்காங்க. ஆனா உங்க கத இதுல வருதுன்னு நெனக்கிறேன். அண்ணன் சயன்ஸ் ஸ்ட்ரீம், நீங்க கேட்டு வாங்கி ஆர்ட்ஸ் ஸ்ட்ரீம். அண்ணன் அமைதி, நீங்க சத்தம். அண்ணன் மேல படிச்சாரு, நீங்க எஸ்பிஎம் முடிஞ்ச கையோட வேல. அண்ணன் கோயில் பக்கம், நீங்க தைப்பூசத்துக்கு கூட தண்ணீர்மலைக்கு வர மாட்டேன்னுட்டீங்க. இதுல எது உங்களுக்கு உள்ளுக்குள்ளேருந்து வந்துச்சு, எது அண்ணன் அந்த பக்கம் நின்னதால மட்டும் இந்த பக்கம் வந்துச்சு?

அண்ணன் மாதிரியே ஆகணும்னு ஓடற தம்பிய எல்லாருக்கும் தெரியும். அண்ணன் மாதிரி ஆகவே கூடாதுன்னு ஓடற தம்பியும் அதே மாதிரிதான், ஓடற தெச வேற, திரும்பி திரும்பி பாக்கறது அதே ஆளத்தான். அவரு கெழக்க போனா இவரு மேக்க, அவரு நாளைக்கு மேக்க திரும்பினா இவருக்கு போறதுக்கு எடம் இருக்காது. 17 வயசுல அந்த கோடு உங்கள காப்பாத்தியிருக்கு, அத நான் தப்புன்னு சொல்லவே மாட்டேன், அன்னிக்கு அது இல்லன்னா நீங்க மூச்சு விட்டிருக்க முடியாது. ஆனா 20 வயசுல அந்த கோட்டுக்கு அந்த பக்கம் உங்க சொந்த சாமான் ஏதாவது மாட்டிகிட்டு கெடக்குதான்னு போயி பாக்கணும்.

இத நான் புக்க வச்சு மட்டும் சொல்லல. எங்க வீட்ல நான் மூத்தவ, எனக்கு மூணு வயசு எளையவ எந்தங்கச்சி. நான் ஃபார்ம் த்ரீ முடிச்சப்ப வளந்துட்டேன், என் பினஃபோர் அவளுக்கு வந்துச்சு. எங்கம்மா ஃபேனுக்கு கீழ உக்காந்து பழைய பிளேடு வச்சு என் நேம் டேக்க ஒவ்வொரு தையலா அறுத்து எடுத்தாங்க, நான் பக்கத்துல உக்காந்து நூல பொறுக்கிட்டிருந்தேன். மூணு வருஷம் வெயில்லயும் தண்ணிலயும் அந்த துணி வெளுத்து போயிருந்துச்சு, நேம் டேக் இருந்த எடம் மட்டும் வெளுக்காம, கடைல வாங்கின அன்னிக்கு இருந்த அதே நெறத்துல பட்டையா தெரிஞ்சுது, சுத்தி ஊசி ஓட்ட வரிசையா. என் பேரு நீளம், அவ பேரு சின்னது. அவ டேக்க அது மேல வச்சு தச்சப்ப ரெண்டு பக்கமும் என் பேரோட எடம் விரல் அகலத்துக்கு வெளிய தெரிஞ்சுது. எங்கம்மாவுக்கு அது ஒண்ணுமே இல்ல, புது பினஃபோருக்கு குடுக்க வெள்ளி இருந்த வீடு இல்ல எங்க வீடு. அந்த வருஷம் பூரா எந்தங்கச்சி ஸ்கூலுக்கு போகும்போது ஃபைல நெஞ்சோட அணைச்சு பிடிச்சுகிட்டு போவா. நல்ல பழக்கம்னு நெனச்சேன். அவளுக்கு 34 வயசு இருக்கும்போது ஒருநாள் ரெண்டு பேரும் பசியாற உக்காந்திருந்தப்ப சொன்னா, "அந்த பட்ட தெரியக்கூடாதுன்னுதான்கா ஃபைல பிடிச்சுகிட்டேன், டீச்சர் யாராச்சும் ஃபைல வாங்கிட்டா நான் கைய கட்டிகிட்டு நிப்பேன்". அத்தன வருஷமா எனக்கு தெரியாது. தெரிஞ்சிருந்தா நான் என்ன செஞ்சிருப்பேன்னு இன்னிக்கும் நெனச்சு பாப்பேன், நீல நூல வச்சாவது அந்த எடத்துல ஏதாவது பூ போட்டு குடுத்திருப்பேன்.

அன்னிக்கே நானும் அவகிட்ட ஒண்ணு சொன்னேன், அது உங்களுக்கும் தெரியணும், ஏன்னா மூத்தவங்க பக்கத்த யாரும் கேக்கறதில்ல. ஒரு பரீட்சைல கொறஞ்சா கூட வீட்ல சாப்பாடு எறங்காது எனக்கு. அம்மா "தங்கச்சி உன்ன பாத்துதான் கத்துக்கணும்"னு சொல்லும்போது, நான் தப்பே செய்யக்கூடாத ஒரு ஆள் ஆயிட்டேன். அவளுக்காவது "அக்கா மாதிரி இல்ல"ங்கற ஒரு எடம் இருந்துச்சு, எனக்கு அந்த எடம் கூட இல்ல. எங்கிட்ட வர்ற பிள்ளைங்கள்ல முக்கால்வாசி எளையவங்கன்னு சொன்னேன்ல, மீதி கால்வாசி மூத்தவங்க, அவங்க 25, 30 வயசுல வருவாங்க, நல்ல வேலைல இருப்பாங்க, "நான் ஏன் இத படிச்சேன்னே தெரியல டீச்சர்"ம்பாங்க. உங்க அண்ணன் அப்படித்தான் இருக்காருன்னு சொல்ல வரல. ஆனா யூனிவர்சிட்டி போனதிலேருந்து அவரும் மிருதங்கத்த தொடல, அது அலமாரி மேல கெடக்குன்னு எழுதியிருக்கீங்க. அவருக்கு அது உண்மையாவே பிடிச்சிருந்துச்சா, இல்ல கை தட்டினதால வாசிச்சாரான்னு உங்க ரெண்டு பேருல யாராச்சும் கேட்டிருக்கீங்களா?

அதனால மொத வேல அண்ணன்கிட்ட பேசறது. அம்மா இல்லாத எடமா இருக்கட்டும், வீட்ல வேணாம், வெளிய தே தாரிக் குடிக்கற எடத்துல, இல்லன்னா அவரு திரும்ப போகும்போது காடில பஸ் ஸ்டேஷனுக்கு கொண்டு போயி விடற வழில, ஏன்னா பக்கத்து பக்கத்துல உக்காந்து ரோட்ட பாத்துகிட்டே பேசறது மொகத்த பாத்து பேசறதவிட சுலபம், நம்ம ஆம்பள பிள்ளைங்களுக்கு அது ரொம்பவே சுலபம். நீண்ட பேச்சு வேணாம். "என்ன உங்களோட வச்சு பேசும்போது எனக்கு தாங்க முடியலண்ணே, உங்களுக்கு எப்படி இருக்கும்"னு ஒரு கேள்வி. அவரு சிரிச்சு தட்டி விட்டாலும் விட்டுடுங்க, அடுத்த தடவ அவரா பேசுவாரு. பேசாமலும் போகலாம்.

அம்மாகிட்ட "நீங்க எப்பவுமே அண்ணன் பக்கம்தான்"னு ஆரம்பிக்காதீங்க, அதுக்கு எந்த அம்மாவும் இல்லன்னுதான் சொல்லுவாங்க, அங்கயே முடிஞ்சுடும். நான் என்கிட்ட வர்ற பிள்ளைங்களுக்கு சொல்லி குடுக்கற ஒரு வரி இருக்கு: "அம்மா, அண்ணன பத்தி எவ்வளவு வேணும்னாலும் சொல்லுங்க, என்ன பத்தியும் சொல்லுங்க, திட்டவும் திட்டுங்க, ஆனா ரெண்டு பேரயும் ஒரே வாக்கியத்துல சேக்காதீங்க." இது அவங்களால செய்ய முடிஞ்ச விஷயம், பாசத்த மாத்திக்கோன்னு கேக்கல, வாக்கியத்த மட்டும் மாத்த சொல்றோம். மொத வாரம் மறந்துடுவாங்க. மறந்தா "அம்மா, ஒரே வாக்கியம்"னு மட்டும் சொல்லுங்க, தட்ட தள்ள வேணாம். தட்ட தள்ளினதுக்கு ஒரு மன்னிப்பும் கேட்டுடுங்க, சாப்பாட்ட தள்ளினது அவங்களுக்கு எவ்வளவு பெருசுன்னு உங்களுக்கே தெரியும்.

ரெண்டு பிள்ளைங்களயும் துளி வித்தியாசம் இல்லாம ஒரே மாதிரி நடத்தணும்னு எதிர்பாக்கவும் வேணாம், அது எந்த வீட்லயும் நடக்காது. பிள்ளைங்ககிட்ட கேட்டு செஞ்ச ஆய்வுங்கள்ல தெரிஞ்சது, வித்தியாசமா நடத்தறாங்கங்கறத விட, அதுக்கு ஒரு காரணம் இருக்கு, அது நியாயம்னு பிள்ளைக்கு படுதா இல்லையாங்கறதுதான் மனச பாதிக்குது. அண்ணனுக்கு யூனிவர்சிட்டிக்கு பணம் அனுப்பறது உங்களுக்கு அநியாயமா படல, நீங்களே உங்க சம்பளத்துலேருந்து மாசம் 200 வெள்ளி அதுக்கு குடுக்கறீங்க. உங்க மொத சம்பளத்துக்கு "சரி"ன்னு ஒரு வார்த்தைல முடிச்சதுதான் அநியாயமா பட்டிருக்கு. அத அப்படியே சொல்லுங்க, தேதியோட, அந்த வார்த்தையோட. பொதுவா சொன்னா யாருக்கும் புரியாது.

இனி கேஎல். போலாமா வேணாமான்னு நான் சொல்ல முடியாது, ஆனா எப்படி போகணும்னு ஒரு கருத்து இருக்கு. ஜேம்ஸ் மார்சியான்னு ஒரு மனோதத்துவ ஆராய்ச்சியாளர் 1966ல, அவருக்கு முன்னால எரிக் எரிக்சன் சொன்ன "நான் யாரு"ங்கற அடையாள சிக்கல எடுத்துகிட்டு இளைஞர்ங்கள பேட்டி கண்டு நாலு நெலையா பிரிச்சாரு. தேடவும் இல்ல முடிவும் இல்லன்னு மெதந்துகிட்டு இருக்கறவங்க, தேடாமலே வீட்ல சொன்னத முடிவா எடுத்துகிட்டவங்க, முடிவு எடுக்காம இன்னும் தேடிகிட்டு இருக்கறவங்க, தேடி பாத்து முடிவு எடுத்தவங்க. இந்த மூணாவதுல இருக்கறவங்களுக்கு ரொம்ப தவிப்பா இருக்கும், நீங்க இப்ப இருக்கற மாதிரி, ஆனா அது நோய் கெடையாது, அது ஒரு வேல நடந்துகிட்டு இருக்கற எடம். ரெண்டாவது வக இருக்கே, வீட்ல சொன்னத அப்படியே எடுத்துகிட்டவங்க, அதுல வீட்ல சொன்னதுக்கு நேர் எதிர அப்படியே எடுத்துகிட்டவங்களயும் நான் சேப்பேன். இது மார்சியா சொன்னது இல்ல, என் அனுபவத்துல நானா சேத்துக்கறது.

முருகன் பழத்துக்காக கோவிச்சுகிட்டு மலையேறின கதைய நாம பிள்ளைங்களுக்கு சொல்லும்போது அவரு போனத மட்டும்தான் சொல்றோம். எனக்கு எப்பவும் தோணறது, ஒரு பழத்த ரெண்டு பிள்ளைங்க நடுவுல வச்சு பந்தயம் கட்டினதுதான் அங்க மொத தப்பு, யாரு ஜெயிச்சிருந்தாலும் ஒரு பிள்ள வீட்ட விட்டு போயிருக்கும். நீங்க கேஎல்லுக்கு ஒரு வேலைக்காக, ஒரு கோர்ஸுக்காக, உங்களுக்கு பிடிச்ச ஏதோ ஒண்ணுக்காக போனா போங்க, செந்தூல்லயோ பிரிக்ஃபீல்ட்ஸ்லயோ ரூம் எடுத்து நாலு பேரோட இருந்து பாருங்க, அங்க யாருக்கும் உங்க அண்ணன தெரியாது, "இன்னாரு தம்பி"ன்னு யாரும் கூப்பிட மாட்டாங்க, அந்த நிம்மதி உண்மையான நிம்மதி. ஆனா "நான் இல்லாம தவிக்கட்டும்"னு போனா அந்த ரூம்லயும் ராத்திரி ஃபோன எடுத்து அம்மா கூப்பிட்டாங்களான்னுதான் பாத்துகிட்டு இருப்பீங்க. ஒரு சின்ன சோதன சொல்றேன்: நாளைக்கே அண்ணன் படிப்ப விட்டுட்டு வீட்டுக்கு வந்துட்டாருன்னு வச்சுக்கோங்க. அப்பவும் நீங்க கேஎல் போகணும்னு நெனப்பீங்களா? ஆமான்னு வந்தா அது உங்க ஆசை. இப்பவே பதில் சொல்ல வேணாம்.

இன்னொண்ணு, இத எழுதாம விட முடியாது. நீங்க எழுதினதுல அடி ஒதை எதுவும் இல்ல, ஆனா இத படிக்கற வேற யாருக்காவது இருக்கலாம். கூடப்பொறந்தவர் அடிக்கறது, பயமுறுத்தறது, எல்லார் முன்னாடியும் திரும்ப திரும்ப அசிங்கப்படுத்தறது, இதெல்லாம் "அண்ணன் தம்பின்னா அப்படித்தான்"ல வராது, அத பெரியவங்க ஒருத்தர்கிட்ட சொல்லியே ஆகணும், அரசாங்க உதவி லைன் தாலியான் காசிஹ் 15999க்கும் கூப்பிடலாம். நீங்களும், ரெண்டு வாரமா தூக்கம் இல்ல, வேலைக்கு போக முடியல, இருந்து என்ன பண்ணன்னு நெனப்பு வருதுன்னா இந்த பதிலோட நிக்காதீங்க. மனசு கஷ்டத்துக்கான ஹீல் லைன் 15555க்கு கூப்பிடலாம், பிஃப்ரெண்டர்ஸ் கேஎல் 03-7627 2929ல ராத்திரி பகல் எந்நேரமும் எடுப்பாங்க. கிளினிக் கெசிஹாத்தான்னு இருக்கற அரசாங்க கிளினிக்லயும் மனசு சம்பந்தமா பாக்க சொல்லி கேக்கலாம், காசு ரொம்ப கம்மி. தனியார் கவுன்சலர்கிட்ட போறதா இருந்தா 1998 கவுன்சலர் சட்டத்துல பதிஞ்சவரான்னு கேளுங்க, பதிவு நம்பர் இருக்கும், கேக்கறதுல தப்பே இல்ல, நாங்க சொல்லணும்.

கடைசியா மிருதங்கம். வாத்தியார் சொன்ன அந்த வார்த்தைய நான் யோசிச்சு பாத்தேன், "அண்ணன் கை வேற". அவரு எந்த அர்த்தத்துல சொன்னாரோ, 13 வயசுல உங்களுக்கு அது "உன் கை ஆகாது"ன்னு கேட்டிருக்கு. எங்க வீட்டுக்காரர் 30 வருஷமா கோயில்ல வாசிக்கிறவர், உங்க கேள்விய அவருக்கு படிச்சு காட்டினேன், பேரு எதுவும் சொல்லல. அவரு சொன்னாரு, ரெண்டு பேரு கை ஒரே மாதிரி இருந்தாத்தான் அதிசயம்னு. திரும்ப கத்துக்கோங்க, கச்சேரி பண்ணுங்கன்னு நான் சொல்லல, ஒருவேள தொட்டு பாத்தா "இது எனக்கு வேணாம்"னு கூட தோணலாம், அப்படி தோணினா அதுவும் உங்க முடிவுதான், இந்த தடவ யாரும் கை தட்டாத எடத்துல எடுத்த முடிவு. ஆறு வாரம் வச்சு பாருங்க. ஷிஃப்ட் இல்லாத நாள்ல, வீட்ல ஆள் இல்லாத நேரத்துல, யாருக்கும் சொல்லாம, ஃபோன்ல ரெக்கார்ட் பண்ணாம.

மொதல்ல அத அலமாரி மேலேருந்து எறக்குங்க. இத்தன வருஷம் சும்மா கெடந்ததுல வார் தளந்திருக்கும், தோல் காஞ்சு வெடிச்சிருந்தா அந்த தோல் மூட்ட மாத்தணும், கோயில் வாத்தியாருக்கு ஆள் தெரியும். தோல் நல்லா இருந்தா, ஒரு கைப்பிடி ரவைய தண்ணி விட்டு பெசஞ்சு தொப்பி பக்கம், அதான் எடது பக்கம், நடுவுல அப்புங்க, எவ்வளவு அப்பினா சரியா வரும்னு நான் சொல்ல வேணாம், எட்டு வயசுலேருந்து அண்ணனுக்கும் சேத்து அத அப்பி குடுத்தது நீங்கதான்னு நீங்களே எழுதியிருக்கீங்க.